கசிவது எங்கே? அப்பாச்சி மாட்யூல்களில் நினைவகக் கசிவைத் தேடிப் பிடித்தல்

திங்கட்கிழமை காலை சர்வர் நன்றாக ஓடுகிறது. வியாழக்கிழமைக்குள் ஸ்வாப் நிரம்பிவிடுகிறது, பக்கங்கள் திறக்கத் திணறுகின்றன. வெள்ளி இரவு லினக்ஸ் கெர்னலின் ஓஓஎம் கில்லர் ஏதோ ஒரு ப்ராசஸைக் கொல்கிறது. சில நேரம் அது அப்பாச்சி. சில நேரம் அதே இயந்திரத்தில் எந்தத் தப்பும் செய்யாமல் ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸ். யாரோ ஒருவர் சர்வரை ரீஸ்டார்ட் செய்கிறார், அடுத்த திங்கள் எல்லாம் சரியாகிவிடுகிறது. இந்தச் சுற்று மாதக்கணக்கில் தொடரும் இடங்கள் பல உண்டு. அதை முடித்துவைக்கும் வழியைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது.

லினக்ஸில் ஓடும் அப்பாச்சி 2.4, அதற்குள் லோட் ஆகும், சி மொழியில் எழுதிய மாட்யூல்கள் என்ற எல்லைக்குள் நிற்போம். ஒரு தனி நிரல் நினைவகத்தைத் திருப்பித் தராமல் விட்டால், அது முடியும்போது கெர்னல் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். பெரிய கெடுதல் இல்லை. மாட்யூலின் நிலை வேறு. அதற்கென்று சொந்த ப்ராசஸ் கிடையாது. அப்பாச்சியின் சைல்ட் ப்ராசஸுக்குள் புகுந்து, அங்கே நாள் கணக்கில், லட்சக்கணக்கான ரிக்வெஸ்ட்டுகளுக்கு அது வேலை செய்கிறது. ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு 4 கிலோபைட் விட்டுப்போனாலும் பத்து லட்சம் ரிக்வெஸ்ட்டில் அது ஏறத்தாழ 4 ஜிகாபைட்.

முதலில், இது கசிவுதானா?

டாப் கட்டளையில் ஆர்எஸ்எஸ் (ஒரு ப்ராசஸ் ராமில் பிடித்திருக்கும் அளவு) எண்ணைப் பார்த்து, எல்லா சைல்ட் ப்ராசஸின் எண்களையும் கூட்டி, மொத்த ராமைவிட அதிகமாக வருகிறதே என்று பதறுபவர்கள் அதிகம். அந்தக் கூட்டல் தவறானது. பேரன்ட் ப்ராசஸிலிருந்து ஃபோர்க் ஆகும் சைல்ட், பேரன்ட்டின் நினைவகப் பக்கங்களைப் பகிர்ந்துகொள்கிறது; எழுதும்போது மட்டும்தான் தனிப் பிரதி உருவாகும். பகிர்ந்த பக்கம் ஒவ்வொரு சைல்டின் ஆர்எஸ்எஸ்ஸிலும் முழுதாகக் கணக்கில் ஏறுகிறது. பகிர்வைப் பங்கிட்டுக் காட்டும் எண் பிஎஸ்எஸ். கெர்னல் 4.14 முதல், ப்ராக் அடைவில் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஸ்மேப்ஸ்_ரோலப் என்ற கோப்பு இருக்கிறது. பிஎஸ்எஸ், தனிப்பட்ட அழுக்குப் பக்கங்களின் அளவு இரண்டும் அதில் ஒரே இடத்தில் கிடைக்கும். கசிவைத் தேடுபவர் பின்தொடர வேண்டியது அந்தத் தனிப்பட்ட அளவைத்தான்.

அடுத்த குழப்பம், விடுவித்த நினைவகம் கெர்னலுக்குத் திரும்பாமல் ப்ராசஸுக்குள்ளேயே தங்குவது. இது கசிவு அல்ல. மீண்டும் பயன்படுத்தக் கையிருப்பாக வைத்திருப்பது. இரண்டு இடங்களில் இது நடக்கும். அப்பாச்சியின் ஏபிஆர் நூலகம், ஒவ்வொரு அலகேட்டரும் எவ்வளவு நினைவகத்தைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்ளலாம் என்பதை மேக்ஸ்மெம்ஃப்ரீ அமைப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. 2.4-இல் இயல்பான மதிப்பு 2048 கிலோபைட். த்ரெட் வகை எம்பிஎம்களில் (சைல்டுகளையும் த்ரெட்டுகளையும் நிர்வகிக்கும் மாட்யூல்களில்) ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி அலகேட்டர் என்பதால், 25 த்ரெட் உள்ள ஒரு சைல்ட் இப்படியே 50 மெகாபைட் வரை வைத்திருக்கலாம். இரண்டாவது இடம் ஜிலிப்சியின் மேலாக். 64 பிட் இயந்திரத்தில் அது கோர் எண்ணிக்கையின் 8 மடங்கு வரை அரீனா எனப்படும் தனி நினைவகப் பகுதிகளைத் திறக்கும். 8 கோர் இருந்தால் 64 அரீனா. ஒவ்வொன்றிலும் துண்டு துண்டாகக் காலியிடம். மேலாக்_அரீனா_மேக்ஸ் என்ற சூழல் மாறியை 2 என்று வைத்துப் பாருங்கள். வீக்கம் சட்டென்று வடிந்தால் உங்கள் மாட்யூலில் குற்றமில்லை, அரீனாக்களில் சிதறிய இடம்தான் காரணம். டெபியனிலும் உபுண்டுவிலும் அப்பாச்சியின் என்வ்வார்ஸ் கோப்பில் இதை எழுதலாம்.

இந்தச் சந்தேகங்களைத் தீர்க்க ஒரே சோதனை போதும். சோதனை இயந்திரத்தில், ஒரே யூஆர்எல்லுக்கு, ஏபி அல்லது டபிள்யூஆர்கே கருவியால் 10,000 ரிக்வெஸ்ட் அனுப்புங்கள். தனிப்பட்ட நினைவக அளவைக் குறித்துவையுங்கள். மறுபடி 10,000. மறுபடி குறியுங்கள். ஐந்தாறு சுற்று போகட்டும். முதல் சுற்றில் ஏறி, பிறகு மட்டமாக நின்றால் அது கையிருப்பு. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு ஏறிக்கொண்டே போனால் அது கசிவு. முதல் சுற்றின் எண்ணைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கேஷ்கள் நிரம்புவதும் நூலகங்கள் தங்களைத் தயார் செய்துகொள்வதும் அப்போதுதான்.

ஏற்றத்தை ரிக்வெஸ்ட் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். சுற்றுக்கு 40 மெகாபைட் என்றால் ரிக்வெஸ்ட்டுக்குச் சுமார் 4 கிலோபைட். உங்கள் கோடில் 4096 பைட் பஃபர் எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்க அந்த ஓர் எண்ணே காரணமாகிவிடும். எந்தக் கருவியையும் தொடுவதற்கு முன் இந்த வகுத்தலைச் செய்யுங்கள்.

ஆயுள் என்ற கேள்வி

அப்பாச்சியில் நினைவகம் பூல்களாக நிர்வகிக்கப்படுகிறது. ஒரு ரிக்வெஸ்ட் வந்தால் அதற்கென ஒரு பூல். அந்த ரிக்வெஸ்ட்டுக்குத் தேவையானதெல்லாம் அதிலிருந்து எடுக்கப்படும். ரிக்வெஸ்ட் முடிந்ததும் பூல் முழுவதும் ஒரே வீச்சில் அழிக்கப்படும். பந்தி முடிந்ததும் இலைகளைத் தனித்தனியாக யாரும் கழுவி வைப்பதில்லை, மொத்தமாகச் சுருட்டி எடுத்துவிடுகிறார்களே, அதுபோல. ரிக்வெஸ்ட் பூலுக்கு மேலே கனெக்‌ஷன் பூல், அதற்கும் மேலே பிகான்ஃப் எனப்படும் கான்ஃபிகரேஷன் பூல். பிகான்ஃப் சர்வர் ரீஸ்டார்ட் ஆகும்வரை வாழும்.

ஃப்ரீ போட மறந்த நினைவகத்தைத்தான் கசிவு என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. அப்பாச்சி மாட்யூல்களில் அதற்கு இணையாகவே இன்னொரு வகையும் தொல்லை தருகிறது: சரியாக எடுத்து, முறையாகப் பூலில் வைத்து, ஆனால் தவறான ஆயுள் உள்ள பூலில் வைத்த நினைவகம். அதை யாரும் தொலைக்கவில்லை. அதற்குப் பாயிண்டர் இருக்கிறது, உரிமையாளர் இருக்கிறார். அதனால்தான் கசிவு பிடிக்கும் கருவிகள் அதைப் பார்த்துவிட்டு "எதுவும் தொலையவில்லை" என்று சொல்லிவிடுகின்றன. ‘இதை யார் எடுத்தார்கள்’ என்பதோடு ‘இதன் உரிமையாளர் எவ்வளவு காலம் வாழ்வார்’ என்றும் கேட்டாக வேண்டும்.

வெளி நூலகங்களிலிருந்து வரும் கசிவை முதலில் பார்ப்போம், ஏனென்றால் பிடிப்பதற்கு எளிது அதுதான். லிப்எக்ஸ்எம்எல்2, லிப்கர்ல், ஓப்பன்எஸ்எஸ்எல் எவற்றுக்கும் அப்பாச்சியின் பூல் தெரியாது. அவை நேராக மேலாக்கிடம் போகின்றன. லிப்எக்ஸ்எம்எல்2-இல் ஒரு நோடின் உள்ளடக்கத்தைக் கேட்கும் ஃபங்ஷன் தருவது புதிதாக எடுத்த சரம். வாங்கியவர்தான் விடுவிக்க வேண்டும். லிப்கர்லில் ஹெடர் பட்டியலை ஈஸி கிளீனப் விடுவிக்காது, அதற்குத் தனி ஃபங்ஷன் இருக்கிறது. ஓப்பன்எஸ்எஸ்எல்லில் எதிர்முனையின் சான்றிதழைக் கேட்டால், ரெஃபரன்ஸ் எண்ணிக்கையை ஒன்று கூட்டித்தான் தருகிறது. படித்துவிட்டு விடுவிக்காமல் போனால் கனெக்‌ஷனுக்கு ஒரு சான்றிதழ் தங்கிவிடும். 3.0 பதிப்பில் இதற்காகவே பெயரில் கெட்0, கெட்1 என்று பிரித்துவிட்டார்கள். 1 என்றால் விடுவிப்பது உங்கள் பொறுப்பு, 0 என்றால் தொடக்கூடாது.

இவற்றுக்குத் தீர்வு ஒன்றுதான். நூலகத்திடமிருந்து வாங்கிய அடுத்த வரியிலேயே, ஏபிஆரின் பூல் கிளீனப் ரிஜிஸ்டர் ஃபங்ஷன் மூலம் அதன் விடுவிப்பை ரிக்வெஸ்ட் பூலோடு கட்டிவிடுங்கள். ஃபங்ஷனின் கடைசியில் ஃப்ரீ போடுவதைவிட இது நூறு மடங்கு மேல். நடுவில் பிழை வந்து ரிட்டர்ன் ஆகும் ஒவ்வொரு பாதையிலும் ஃப்ரீ போட்டோமா என்று சரிபார்க்கும் வேலையே இல்லாமல் போகிறது.

தவறான பூலுக்கு வருவோம். ரிக்வெஸ்ட்டைக் கையாளும் ஃபங்ஷனுக்குள் பிகான்ஃப் பெயரைக் கண்டால் அங்கேயே நில்லுங்கள். "இந்த மதிப்பு அடுத்த ரிக்வெஸ்ட்டுக்கும் வேண்டும்" என்ற நல்ல எண்ணத்தில் எழுதியிருப்பார்கள். ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் அதில் கொஞ்சம் சேர்க்கும், எதுவும் வெளியேறாது. வொர்க்கர், ஈவென்ட் எம்பிஎம்களில் ஆபத்து இன்னும் பெரிது: ஒரு பூலில் பல த்ரெட்டுகள் ஒரே நேரத்தில் எடுப்பது பாதுகாப்பானதல்ல, சர்வர் கிராஷ் ஆகலாம். யூஆர்எல்லைச் சாவியாக வைத்து, எல்லை வைக்காமல் வளரும் ஹேஷ் டேபிளும் இந்த வகைதான். இணையத்தில் யூஆர்எல்கள் தீராது. யாராவது கேள்விக்குறிக்குப் பின் எதையாவது மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டே இருப்பார்கள்.

பூல் சரியானதாக இருந்தும் ரிக்வெஸ்ட் முடியாமல் நீள்வது இன்னொரு நிலை. பெரிய கோப்பு இறங்கும்போது அவுட்புட் ஃபில்டர் ஆயிரக்கணக்கான முறை அழைக்கப்படும். ஒவ்வொரு அழைப்பிலும் ரிக்வெஸ்ட் பூலிலிருந்து புது பக்கெட் பிரிகேட் (பதிலின் தரவுத் துண்டுகளைச் சுமக்கும் பட்டியல்) உருவாக்கினால், பதிலின் நீளத்துக்கு ஏற்ப நினைவகம் வீங்கும். பிரிகேடை ஒருமுறை உருவாக்கி, ஃபில்டரின் கான்டெக்ஸ்ட்டில் வைத்து, ஒவ்வொரு முறையும் காலி செய்து மீண்டும் பயன்படுத்துவதே முறை. ஃபில்டர் எழுதுவோருக்கான அப்பாச்சி ஆவணமும் இதையே வலியுறுத்துகிறது. நீண்ட லூப்களுக்கு ஒரு துணைப்பூலை உருவாக்கி, ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் கிளியர் செய்யுங்கள். சப்வெர்ஷன் திட்டத்தின் கோடைத் திறந்து பார்த்தால் இட்டர்பூல் என்ற பெயரில் இந்தப் பழக்கம் எங்கும் இருக்கும். அப்பாச்சி மாட்யூல் எழுதக் கற்பவர்கள் படிக்க வேண்டிய கோட் அது.

கடைசி வகையைப் பலர் கவனிப்பதே இல்லை. கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட்டின்போது பேரன்ட் ப்ராசஸ் சாவதில்லை. பிகான்ஃப் அழிக்கப்பட்டு, மாட்யூல்கள் அன்லோட் ஆகி, மீண்டும் லோட் ஆகின்றன. உங்கள் மாட்யூலின் ஸ்டாட்டிக் மாறிகள் அப்போது மறைந்துபோகும். அவை சுட்டிக்கொண்டிருந்த மேலாக் நினைவகம் மட்டும் பேரன்ட்டில் அனாதையாகத் தங்கும். சர்வர் முதன்முறை எழும்போதே கான்ஃபிகரேஷன் இரண்டு முறை படிக்கப்படுகிறது என்பதால் அங்கேயே ஒரு முறை இது நடந்துவிடும். லாக் சுழற்சிக்காக இரவுதோறும் கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட் நடக்கும் சர்வரில் பேரன்ட் நாளுக்கு நாள் கனக்கும், புதிதாகப் பிறக்கும் சைல்டுகள் எல்லாம் அந்தச் சுமையோடேயே பிறக்கும். இதைச் சோதிக்க ரிக்வெஸ்ட்டே தேவையில்லை. ஐம்பது முறை கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட் கொடுத்து, பேரன்ட்டின் அளவைப் பாருங்கள்.

எந்த மாட்யூல், எந்தப் பாதை

ஒரு சாதாரண எச்டிஎம்எல் கோப்பைக் கேட்டு அதே சுற்றுச் சோதனையைச் செய்யுங்கள். அங்கே ஏற்றம் இல்லை, உங்கள் மாட்யூலின் யூஆர்எல்லில் இருக்கிறது என்றால் தேடல் பாதி முடிந்தது. சாதாரண கோப்பிலும் ஏறுகிறது என்றால், லாக், அங்கீகாரம், ஃபில்டர் போல எல்லா ரிக்வெஸ்ட்டையும் தொடும் மாட்யூல் ஒன்றில் கோளாறு. லோட்மாட்யூல் வரிகளில் பாதியை நீக்கிப் பாருங்கள், பிறகு மீதியில் பாதி.

ஆனால் பெரும்பாலான கசிவுகள் நல்ல ரிக்வெஸ்ட்டில் தெரியாது. பிழைப் பாதைகளில்தான் ஒளிந்திருக்கும். தவறான எக்ஸ்எம்எல், பாதியில் துண்டித்த கிளையன்ட், டைம்அவுட் ஆன பின்தள சேவை, தவறான பாஸ்வேர்ட், வரம்பு மீறிய போஸ்ட். ஒவ்வொன்றுக்கும் தனியாகச் சுற்றுச் சோதனை நடத்துங்கள். சோதனை இயந்திரத்தில் எதுவும் ஏறாமல் உண்மையான சர்வரில் மட்டும் ஏறுகிறது என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இவற்றைத்தான்.

எந்த ரிக்வெஸ்ட் என்று ஊகிக்கவே முடியாதபோது ஆக்சஸ் லாக் உதவும். லாக்ஃபார்மட்டில் விழுக்காட்டுக் குறியோடு பெரிய பி எழுத்தைச் சேர்த்தால், ரிக்வெஸ்ட்டைக் கையாண்ட சைல்டின் ப்ராசஸ் எண் பதிவாகும். கூடவே நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு சைல்டின் அளவையும் ஒரு கோப்பில் எழுதும் சிறு ஸ்கிரிப்ட் ஓடட்டும். ப்ரீஃபோர்க் எம்பிஎம்மில் ஒரு சைல்ட் ஒரு நேரத்தில் ஒரே ரிக்வெஸ்ட்டைத்தான் பார்க்கும். எந்த நிமிடத்தில் எந்தச் சைல்ட் குதித்தது என்று தெரிந்தால், லாக்கில் அந்த நிமிடத்து வரிகள் சில மட்டுமே மிஞ்சும்.

வால்க்ரிண்டும் மற்றவையும்

நினைவகப் பிழைகளைக் காட்டும் கருவியான வால்க்ரிண்டின் கீழ் அப்பாச்சியை ஓட்டும்போது பெரிய எக்ஸ் ஆப்ஷனைச் சேருங்கள். சர்வர் ஃபோர்க் ஆகாமல் ஒரே ப்ராசஸாக, முன்னணியில் ஓடும். மாட்யூலை டீபக் சிம்பல்களோடு, ஆப்டிமைசேஷனைக் குறைத்துக் கம்பைல் செய்திருக்க வேண்டும். ஓட்டம் பத்து முதல் முப்பது மடங்கு மெதுவாகும், அதனால் ரிக்வெஸ்ட் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை ரிக்வெஸ்ட்? 137. அல்லது வேறு ஏதாவது ஒரு பகா எண். 100 என்று அனுப்பினால் அறிக்கையில் 100 என்று வரும் எண் தற்செயலாகவும் இருக்கலாம். 137 அனுப்பி, அறிக்கையில் "137 பிளாக்குகளில் இத்தனை பைட்" என்ற வரி வந்தால், ரிக்வெஸ்ட்டுக்கு ஒருமுறை விட்டுப்போவது அதுதான். 274 என்று வந்தால் ரிக்வெஸ்ட்டுக்கு இரண்டு முறை. நூற்றுக்கணக்கான வரிகள் உள்ள அறிக்கையில் இந்த ஒரு தந்திரம் நேரத்தை மிச்சப்படுத்துவதுபோல் வேறெதுவும் செய்வதில்லை. முதலில் நிச்சயமாகத் தொலைந்தவை என்ற பிரிவை மட்டும் படியுங்கள். இன்னும் எட்டக்கூடியவை என்ற பிரிவில் நூலகங்கள் ஒருமுறை எடுத்து வைத்துக்கொண்டவை நிறைய இருக்கும். அதில் 137 வந்தால் ஒழியக் கடந்து போங்கள். சர்வரை நிறுத்தும்போது கில் 9 வேண்டாம், அப்படிச் செய்தால் அறிக்கையே வராது.

இரண்டு இடங்களில் வால்க்ரிண்ட் உங்களைக் கைவிடும். ஒன்று, நிறுத்தும்போது மாட்யூல் அன்லோட் ஆகிவிடுவதால் ஸ்டாக் ட்ரேஸில் உங்கள் ஃபங்ஷன் பெயர்களுக்குப் பதில் கேள்விக்குறிகள் வரும். 2018-இல் வந்த 3.14 பதிப்பிலிருந்து கீப்-டீபக்இன்ஃபோ என்ற ஆப்ஷன் இதைத் தீர்க்கிறது. மற்றொன்று பூல். ஏபிஆர் மேலாக்கிடம் குறைந்தது 8 கிலோபைட் துண்டுகளாக வாங்கி, உள்ளே பிரித்துக் கொடுப்பதால் வால்க்ரிண்ட்டுக்குத் துண்டு மட்டும்தான் தெரியும், உள்ளே யார் எடுத்தார்கள் என்று தெரியாது. ஏபிஆரைப் பூல்-டீபக் வசதியோடு மறுபடி கம்பைல் செய்தால் ஒவ்வொரு பூல் ஒதுக்கீடும் தனி மேலாக்காக மாறும். அதன் பிறகு, வால்க்ரிண்டின் இன்னொரு கருவியான மாசிஃபை ஓட்டினால், தொலையாமலே வளரும் நினைவகத்தை எந்த ஃபங்ஷன் எடுத்துக்கொண்டிருக்கிறது என்று வரைபடமாகவே தெரியும். தவறான பூலில் வைத்த தப்பை இந்த இரண்டும் சேர்ந்துதான் பிடிக்கும்.

அட்ரஸ் சானிடைசர் வால்க்ரிண்டைவிட வேகமானது. ஆனால் மாட்யூலை மட்டும் அதோடு கம்பைல் செய்து சாதாரண அப்பாச்சிக்குள் லோட் செய்தால், தன் ரன்டைம் முதலில் வரவில்லை என்று மறுத்துவிடும். எல்டி ப்ரீலோட் மூலம் ரன்டைமை முன்னரே ஏற்ற வேண்டும், அல்லது அப்பாச்சியையும் சேர்த்துக் கம்பைல் செய்ய வேண்டும்.

உண்மையான போக்குவரத்தில் மட்டுமே கசிவு தெரியும் நிலையில் பிசிசி தொகுப்பின் மெம்லீக் கருவி இருக்கிறது. இபிபிஎஃப் மூலம் ஓடும் ப்ராசஸில் இணைந்து, எடுத்துத் திருப்பித் தராத ஒதுக்கீடுகளை ஸ்டாக்கோடு பட்டியலிடும். ரீஸ்டார்ட் தேவையில்லை. ஒவ்வொரு மேலாக்கையும் அது இடைமறிப்பதால் சுமை உண்டு. ஒரே ஒரு சைல்டின் மேல், சில நிமிடங்கள் மட்டும் ஓட்டுங்கள். மாட்யூலை ஃப்ரேம் பாயிண்டரோடு கம்பைல் செய்திருந்தால்தான் அது தரும் ஸ்டாக் நம்பகமாக இருக்கும்.

ஊன்றுகோல்

கசிவைக் கண்டுபிடிக்கும்வரை சர்வர் ஓட வேண்டுமே. மேக்ஸ்கனெக்‌ஷன்ஸ்பெர்சைல்ட் அமைப்பு, குறிப்பிட்ட கனெக்‌ஷன்களுக்குப் பிறகு சைல்டுக்கு ஓய்வு கொடுத்து அனுப்பி, புதிதாக ஒன்றைக் கொண்டுவரும். இயல்பான மதிப்பு 0, அதாவது எல்லை இல்லை. 2.2-இல் இதற்குப் பெயர் மேக்ஸ்ரிக்வெஸ்ட்ஸ்பெர்சைல்ட். பழைய கோப்புகளில் அந்தப் பெயரையே பார்ப்பீர்கள். எண்ணுவது கனெக்‌ஷன்களை, ரிக்வெஸ்ட்டுகளை அல்ல. கீப்அலைவ் நீளமாக இருந்தால் நீங்கள் நினைத்ததைவிடத் தாமதமாகத்தான் சைல்ட் மாறும். நீங்கள் ஏற்கெனவே கணக்கிட்ட ரிக்வெஸ்ட்டுக்கு இத்தனை பைட் என்ற எண்ணைக் கொண்டு, ஒரு சைல்ட் 100 மெகாபைட்டுக்கு மேல் வீங்காதபடி மதிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

இதைப் போடுவதில் தவறில்லை. போட்டுவிட்டு மறப்பதுதான் தவறு. பேரன்ட்டில் கசியும் நினைவகத்தை இது தொடாது. சைல்டுகள் மாறிக்கொண்டே இருந்தாலும் அடிப்படை உயர்ந்துகொண்டே போகும். அந்த வரிக்கு மேலேயே, எந்தக் கசிவுக்காக, எந்தத் தேதியில் போட்டது என்று ஒரு குறிப்பு எழுதிவையுங்கள். உங்களுக்குப் பின் வருபவர் அதை நீக்கலாமா என்று முடிவெடுக்க வேறு வழி இல்லை.

சரிசெய்த பிறகு, முதலில் செய்த அதே சுற்றுச் சோதனையை, அதே யூஆர்எல், அதே எண்ணிக்கையில் மறுபடி நடத்துங்கள். நினைவக அளவு மட்டமாக நிற்க வேண்டும். குறைந்திருக்கிறது என்பது போதாது. ஒன்றுக்குப் பின்னால் இன்னொரு கசிவு மறைந்திருப்பது வழக்கம்தான். இந்தச் சோதனையைத் தானியங்கி பில்டில் சேர்த்துவிட்டால், ஆறு மாதம் கழித்து யாரோ சேர்க்கும் புது அம்சம் பழைய நிலைக்கு இழுத்துக்கொண்டு போகாது.

கசிவு வேறொருவர் எழுதிய திறமூல மாட்யூலில் இருந்தால், நீங்களே ஒட்டுப்போட்டு ஓட்டிவிட்டு அமைதியாக இருந்துவிடாதீர்கள். பராமரிப்பவர்களுக்கு எழுதுங்கள். அப்பாச்சி பதிப்பு, எம்பிஎம் வகை, மாட்யூல் பதிப்பு, கசிவைக் காட்டும் மிகச் சிறிய கான்ஃபிகரேஷன், அனுப்பிய ரிக்வெஸ்ட் எண்ணிக்கை, அதே எண்ணிக்கை தெரியும் வால்க்ரிண்ட் வரியும் அதன் ஸ்டாக் ட்ரேஸும்: இவ்வளவும் இணைத்து அனுப்பினால், அவர்கள் தங்கள் இயந்திரத்திலேயே அதைப் பார்த்துச் சரிசெய்ய முடியும்.